பூக்கடை அத்தை

தொப்பென்று சத்தம் கேட்டபோது நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணீருக்கு வெங்காயம்தான் காரணமா என்று நீங்கள் கேட்டது நியாயம்தான் இன்ஸ்பெக்டர் சார். அதுதான் காரணம்.

தங்கை கூடத்தில் விழுந்து கிடந்தாள். இடுப்பெலும்பு முறிவு. ஏற்கெனவே ஒரு விபத்தில் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்தவள். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு நான், எனக்கு அவள். வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர் சேவையில் வேலை பார்க்கிறேன். தொலைபேசியில் எரிந்து விழுகிறவர்களைக் குளிர வைப்பதுதான் பிழைப்பு.

கண்ணை மூடி மாட்டும் அந்த வி.ஆர். ஹெட்செட்டை அவளுக்கு வாங்கித் தந்தவனும் நான்தான். அதை மாட்டிக்கொண்டால் இணையத்துக்குள் இன்னொரு ஊர். அங்கே அவளுக்குக் கால் உண்டு. மலையேறினாள், பாலத்தில் ஓடினாள். சிரிப்பையே மறந்திருந்தவள் அறைக்குள் கலகலவென்று சிரித்தாள்.

"டேய் அண்ணா, அங்க வந்து பாரு. ஓட்டப் பந்தயத்துல உன்னை மண்ணைக் கவ்வ வைக்கிறேன்" என்பாள்.

அதனால் நன்மையே இல்லை என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் முகம் தெரியாத ஊர். யாரோடு சிரிக்கிறாள்? பொம்மை உருவத்துக்குள் எவன் ஒளிந்திருக்கிறானோ? அண்ணன் என்று ஒருவன் இருந்துகொண்டு சும்மா இருக்க முடியுமா? அவளுக்குத் தெரியாமல் இன்னொரு ஹெட்செட் வாங்கி நானும் உள்ளே போனேன். நரைத்த கொண்டை, மாற்றிய குரல், தெருமுனையில் ஒரு பூக்கடை. அத்தை ஆனேன். என்னிடம் சொல்லாததையெல்லாம் அவள் அத்தையிடம் கொட்டினாள்.

"இங்க ஒரு பிசியோதெரபி டாக்டர் எங்களுக்குப் பயிற்சி சொல்லித் தராங்க அத்தை. என் கால் செத்துப் போகலையாம், தூங்குதாம். வீட்லயும் செஞ்சு பார்க்கிறேன். சுவரைப் பிடிச்சிட்டு நடந்துட்டேன்."

"அண்ணன்கிட்ட சொன்னியாம்மா?"

"அந்தச் சந்தேகப் பிராணிகிட்டயா? கட்டிப் போட்டுடுவான். நல்லா நடக்க வரட்டும். அப்புறம் ஒரு வேலை, தனியா ஒரு வீடு. பாவம், அவனும் எவ்வளவு நாள்தான் என்னைச் சுமப்பான்?"

'தனியா' என்பதை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் பாருங்கள் சார்.

அந்த டாக்டர் போலியா என்று விசாரித்தேன். அசல் டாக்டர்தான், நல்ல பெயர். அது என் பயத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. அத்தையாக எவ்வளவோ தடுத்தேன். அவள் கேட்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை காலைல அவன் சமைக்கிறப்ப, கூடத்தைத் தாண்டி நடந்து போய் அவன் முதுகுக்குப் பின்னால நிக்கப் போறேன் அத்தை. மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பார்க்கணும்."

ஞாயிற்றுக்கிழமை கூடத்தைத் துடைத்தேன். வீட்டைச் சுத்தமாக வைப்பது குற்றமல்ல. அவள் பிடித்து நடக்கும் சுவரோரம் மட்டும் கொஞ்சம் சமையல் எண்ணெயும் தடவினேன். பிறகு வந்து சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சின்னதாக ஒரு பயம் போதும் என்றுதான் நினைத்தேன். எலும்பு என் கணக்கில் இல்லை. ஆம்புலன்ஸ் வருமுன் அந்த இடத்தை மறுபடி துடைத்தேன். அவள் தரையில் கிடந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அவளைத் தள்ளவில்லை. யாருமில்லாத ஒரு வீட்டில் தனியாக விழுந்து கிடக்காமல் காப்பாற்றினேன். அப்படித்தான் இப்போதும் நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அவள் ஹெட்செட்டைக் கேட்டாள். கொடுத்துவிட்டு, கீழே வந்து காருக்குள் உட்கார்ந்து நானும் மாட்டிக்கொண்டேன். அவள் உங்களுக்குத் தகவல் கொடுத்தது அதற்குப் பிறகுதான். பூக்கடை வாசலில் நின்றிருந்தாள். "எப்படிம்மா விழுந்தே?" என்று அத்தையின் குரலில் கேட்டேன்.

"நான் நடக்கப் போறேன்னு அத்தைகிட்ட மட்டும்தானே சொன்னேன், அண்ணா."