வருமானம் கேட்ட குமாஸ்தா

அம்பத்தூரில் பட்டாபிராம் வண்டி ஏறி உட்கார்ந்தும், காலையில் மகளுக்கு இருந்த காய்ச்சல் என் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை. எதிரில், இரண்டு கண்ணிலும் புரை விழுந்த ஒரு பெரியவர். பக்கத்தில் காக்கிச் சட்டையில் அவருடைய மகன்.

"நான் சம்பாரிச்சுதான் துன்றேன்னு ஏன் நைனா குமாஸ்தா கைல சொன்னே?" என்றான் மகன்.

"கயிறு திரிச்சு விக்கிறேன் இல்ல?"

"மாசத்துக்கு ரெண்டு கயிறு. பெரிய மில்லு முதலாளி நீ. வருமானம் கீதுன்னா, என் கம்பெனி ஆஸ்பத்திரி கார்டுல உன் பேர ஏத்த மாட்டாங்க. அப்பறம் கண்ணு ஆப்பரேசன் எப்பிடி பண்றது?"

வண்டி அண்ணனூரில் நின்று புறப்பட்டது. பெரியவர் மகன் பக்கம் திரும்பினார்.

"என்னையும் ஏத்துனா உன் சம்பளத்துல இன்னும் புடிப்பாங்கன்னு நெனச்சிகினேன்டா."

மகன் அவர் முழங்கால்மேல் கை வைத்தான்.

"எத்தினி பேரு இருந்தாலும் புடிக்கிறது அதேதான். நாளிக்கு மறுபடியும் அந்த ஆபீசுக்கு இட்டுகினு போறேன். இன்னா சொல்லுவே?"

"வருமானம் கெடையாது. புள்ளதான் சோறு போடுறான்."

"முணுமுணுக்காத. குமாஸ்தாவுக்குக் கேக்கணும்."

இந்த முறை பெட்டியில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"எனக்கு வருமானம் கெடையாதுங்க. எம் புள்ளதான் சோறு போடுறான். எனக்குக் கண்ணு தெரியலன்னு மீனுல முள்ளு எடுத்துட்டுதான் தட்டுல வெக்கிறான்."

"முள்ளெல்லாம் அங்க கேக்க மாட்டாங்க நைனா."

"கேக்காட்டியும் சொல்லுவேன்," என்றார் பெரியவர்.