ஆத்துல தண்ணி வந்துருச்சா

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. எனக்குக் காது நன்றாகவே கேட்கும், குரல்தான் தேய்ந்துவிட்டது. ஒரு கதை சொல்கிறேன். மேடை நாடகத்தில் தொடங்கி, சினிமா எடுத்து, இப்போது நீங்கள் செல்போனில் பார்க்கிற தொடர் வரைக்கும் வந்துவிட்ட ஜகதாம்பாளின் கதை. என் கதைதான்.

நான் எட்டாவதுக்கு மேல் படித்ததில்லை. கேட்டுக் கேட்டு எழுதக் கற்றுக்கொண்டேன். எங்கள் குழுவின் முக்கிய நடிகர் அப்துல் மஜீது, கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். எழுதுவதும் இயக்குவதும் நான். நாடகம் நடக்கும்போது பக்கத்தட்டி மறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பதும், படுதாக் கயிற்றைப் பிடித்திருப்பதும் நானே. அந்தக் கயிற்றை வேறு யாரிடமும் கொடுத்ததில்லை.

ஒருமுறை பட்டுக்கோட்டையில், கலெக்டர் வேஷத்தில் நின்ற மஜீதுக்கு வேட்டி நழுவிவிட்டது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி, "ஆத்துல தண்ணி வந்துருச்சா?" என்றார். சம்பந்தமே இல்லாத வசனம். படுதாவை இறக்கிவிட்டேன்.

உள்ளே வந்து சிரித்தார். "டைரக்டரம்மா, மானத்தைக் காப்பாத்துனீங்க. இனிமே இதைச் சொன்னா எறக்கிடுங்க. ஏன் எதுக்குன்னு கேக்காதீங்க. வெளியில மட்டும் மூச்சு விட்றாதீங்க, நம்ம குழுவுல அந்தச் செல்லதுரை ஆயுசுக்கும் ஓட்டுவான்."

"சத்தியமா சொல்ல மாட்டேன் பாய்."

"இன்னொண்ணு. எந்த நாடகத்துலயும் இந்த வரிய எழுதிப்புடாதீங்க. கொழம்பிரும்."

அதற்கும் சத்தியம் செய்தேன்.

பிறகு 'கிரயம்' எழுதினேன். மகனுக்காக நிலத்தை விற்றுக் கையெழுத்துப் போட்டதும் தகப்பன் செத்துப்போகிறான். பதினான்கு ஊரில் போட்டோம். பதினான்கு ஊரிலும் அந்தச் சாவுக்கு ஒருத்தர் கண்ணும் கலங்கவில்லை. குனிந்து செருப்பைத் தேடினார்கள். என்ன வசனம் எழுதினாலும் ஒட்டவில்லை.

பதினைந்தாவது கும்பகோணத்தில். இரண்டாவது வரிசையில் நெடுஞ்செழியன், சென்னையிலிருந்து வந்த படத் தயாரிப்பாளர். அவருக்குப் பிடித்தால் 'கிரயம்' சினிமா ஆகும். எனக்கு அன்று ஐம்பத்திரண்டு வயது. இன்னொரு நெடுஞ்செழியன் வரப்போவதில்லை என்று தெரியும்.

மஜீது பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். எழுந்தார். என் பக்கம் பார்த்து, "ஆத்துல தண்ணி வந்துருச்சா?" என்றார்.

நான் வேட்டியைப் பார்த்தேன். நன்றாகத்தான் கட்டியிருந்தது.

மறுபடியும் கேட்டார். கை நெஞ்சில் இருந்தது. ஒப்பனை வேர்வையில் வழிந்தது. சபையில் ஒரு பெண் விம்மினாள். செருப்பைத் தேடியவர்கள் நிமிர்ந்துவிட்டார்கள். நிலத்தை விற்றவன் சாகும்போது ஆற்றில் தண்ணீர் வந்ததா என்று கேட்கிறான். நம் ஊர் ஜனங்களுக்கு அதைவிட என்ன வேண்டும்? நெடுஞ்செழியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் நிதானமாகத்தான் யோசித்தேன். மிச்சம் நான்கு நிமிஷ நாடகம். கயிறு என் கையிலேயே இருந்தது.

மூன்றாம் தடவை குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அப்புறம் விழுந்தார். மகனாக நடித்த செல்லதுரை, நான் உள்ளிருந்து புது வசனம் கொடுத்ததாக நினைத்துக்கொண்டு, தன் பங்கைக் கடைசி வரை நடித்து முடித்தான். அதற்குப் பிறகு இறக்கினேன்.

'கிரயம்' படமானது. அந்த வரிக்காகவே வசனத்துக்கு விருது கொடுத்தார்கள்.

மஜீதின் மனைவி சைத்தூன் பீவி படம் பார்த்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "கடைசியா உங்க வசனத்தைத்தான் பேசிட்டுப் போனாங்க அக்கா. இந்தப் பாக்கியம் யாருக்கு வரும்?"

ஒவ்வொரு நோன்புக்கும் இன்றுவரை எனக்குக் கஞ்சி கொடுத்தனுப்புகிறாள். நானும் ஆறுவதற்குள் குடித்துவிடுகிறேன். வீணாக்கக் கூடாதில்லையா?

போன மாதம் அதையே தொடராக எடுத்தோம். தகப்பனாக நடிக்கும் முகுந்துக்குச் சொல்லிக்கொடுத்தேன்: முதல் தடவை சாதாரணமாக. இரண்டாம் தடவை கெஞ்சுகிற மாதிரி. மூன்றாம் தடவை சத்தமில்லாமல், அந்தப் பக்கம் பார்த்து.

"அங்க யாரு மேடம் இருக்கா?" என்றான்.

வாய் வரைக்கும் வந்தது. "யாரும் இல்லப்பா" என்று சொல்லிவிட்டேன். அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். அன்று முதல் வரிசை ஓரத்தில் டாக்டர் சிவசங்கரன் இருந்தார். இரண்டாம் தடவை கேட்டதுமே பாதி எழுந்துவிட்டார். தட்டி இடுக்கில் என்னைப் பார்த்து, என்ன என்று கையால் கேட்டார். நான் சிரித்தேன். நடிப்புதான், உட்காருங்கள் என்று கையை அமர்த்திக் காட்டினேன். உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் நாடகம் பார்க்கவே வந்ததில்லை.

நல்ல முடிவு என்றுதான் இப்போதும் எல்லோரும் சொல்கிறார்கள்.

போய்வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுக் குதிரில் நெல் குறையாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் யார் கூப்பிட்டாலும், முதல் தடவையிலேயே எழுந்து போகிறவர்கள் பக்கத்தில் இருக்கட்டும்.