புலியின் வால்

1982 ஐப்பசி, ஒரு வியாழக்கிழமை. லப்பைக்குடிக்காட்டிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண்கள் இருவர் ஈரத்துணி ஒன்றை மூலைக்கு மூலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ராத்தா, நீங்க வாலைப் புடிங்க. நான் மூக்கை இழுக்கறேன்," என்றாள் இளையவள்.

துபாய்த் துணி. அதில் புலிப்படம் கோணலாக அச்சாகியிருந்தது; நனைத்து இழுத்தால் நேராகும்.

"நல்லா இழு புள்ள. இப்படியே குடுத்தா மெத்தைக்காரர் ஓரத்தை நேராக்கறேன்னு வாலை வெட்டிருவாரு. மவளுக்குச் சீர் குடுக்கிற ரஜாய்ப் போர்வை. சம்பந்தியம்மா ஆயுசுக்கும் வாலைக் கேப்பா."

பெரம்பலூரில் பஸ் நின்றபோது இளையவள் துணியை விரித்துப் பார்த்தாள்.

"ஓரம் நேராயிடுச்சி ராத்தா, வால் தப்பிச்சிடுச்சி. புலிதான் முதலையாட்டம் நீண்டு போச்சு."

மூத்தவள் துணியின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"சம்பந்தியம்மா புலியை எங்க பாத்தா? மடி."