பால் தராத சைலன்சர்

2024 மார்ச் 12, செவ்வாய். ஐந்தரைக்கு அலுவலகம் விட்டு, வழக்கம்போல் திருத்துறைப்பூண்டி பெட்ரோல் பங்க் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால், வீடு வீடாகப் போய்ப் பால் கறக்கும் ஒருவர் தன் மைத்துனரிடம் சொன்னார்:

“இழுவை கூடும்னு பைக்குக்குப் புது சைலன்சர் மாட்டினேன் மச்சான். சத்தம் கேட்டாலே மாடு பாலை அடக்கிக்குது. மூணு வீட்டுல இனிமே வராதேன்னுட்டாங்க.”

“வண்டியாவது பறக்குதா மாப்ள?”

“மாடுதான் கயித்தை அத்துக்கிட்டுப் பறக்குது. வண்டி ஆத்துப்பாலம் ஏறவே திணறுது.”

“பழைய சைலன்சர் இருக்குல்ல?”

“கொட்டாயில கிடக்கு.”

“அதையே மாட்டுங்க. ஏர் ஃபில்டரைத் தட்டித் தூசி எடுங்க, இழுவை தானா வரும். சத்தமில்லாம போய் நில்லுங்க, மாடு உங்க கையை மறந்திருக்காது.”

“இப்பவே வீட்டுக்குப் போய் மாட்டிடுறேன். காலையில மூணு வீட்டுக்கும் போறேன்.”

மறுநாள் காலை முதல் வேலையாக என் வண்டியின் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தூசி தட்டினேன்.