கோப்பிக்கு அளவெடுத்த சேணம்

சேணம் வாங்கக் கடைக்குக் குதிரையைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. இந்த விஷயத்தில் முதல் சிரமமே அதுதான், டாக்டர் ஷபானா. என் கடைக்கு ரவிக்கை தைக்க வருகிறவள் தன் உடம்பையும் கூடவே கொண்டுவந்துவிடுகிறாள்.

லிட்டில் இந்தியாவில் கல்யாண ரவிக்கை என்றால் சுதா கடை என்பார்கள். மிருக வைத்தியரான உங்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம், பரவாயில்லை. கல்யாண ரவிக்கையை நாங்கள் இன்றைய உடம்புக்குத் தைப்பதில்லை. தாலி கட்டும் நாளன்று இருக்கப்போகிற உடம்புக்குத்தான் தைப்போம். பெண் ஓர் அளவு சொல்வாள், நான் வெட்டிவிடுவேன். அந்த அளவுக்கு வந்து சேர்வது அவள் பாடு. மற்ற கடைகளில் தையலுக்குள் இரண்டு விரல் துணியை மடித்துவிடுவார்கள், பிற்பாடு பிரித்துக்கொள்ளலாம் என்று. நான் விடுவதில்லை. அந்த இரண்டு விரல் துணியை நம்பித்தான் பெண்கள் பிரியாணிக்குப் போகிறார்கள்.

கோப்பிக்கு வருகிறேன். பந்தயத்தில் ஓட மனமில்லாமல் நின்றுபோன இளங்குதிரை அவன். காப்பி நிறத்தைப் பார்த்து என் மகள் இளமதி வைத்த பெயர். அவனை டிரெஸ்ஸாஜுக்குப் பழக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வேகத்தை விட்டுவிட்டு, இசைக்கு ஆடுகிறவளைப் போல ஒவ்வோர் அடியையும் அளந்து வைக்கச் சொல்லிக்கொடுக்கும் வித்தை அது. கேட்டதுமே எனக்கும் பிடித்துப்போயிற்று.

சேணம் பொருத்துகிற ஷங்கர் லாயத்துக்கு வந்தார். வளைகிற பட்டை ஒன்றைக் கோப்பியின் தோளில் வைத்து அழுத்தி, அந்த வளைவைத் தாளில் வரைந்துகொண்டார். தொழில் தெரிந்த பையன்தான். தைரியம்தான் போதாது.

"அக்கா, இவன் இன்னும் வளர்றான். ட்ரெய்னிங் ஆரம்பிச்சா தோளு, முதுகு எல்லாம் ஷேப் மாறும். இப்போதைக்கு அட்ஜஸ்ட் பண்ற மாதிரி சேணம் எடுத்துக்கலாம் லா."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிரித்துக்கொள்கிற துணி, வேறென்ன? உள்சட்டம் அசையாத, அளவெடுத்துச் செய்கிற சேணத்தைத்தான் ஐரோப்பாவிலிருந்து வரவழைத்தேன்.

அது வந்த நாளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே சரியாக மூன்று விரல் இடைவெளி. இளமதி ஏறி உட்கார்ந்தபோது இருக்கையில் அவளுக்குப் பின்னால் ஒரு கையகலம் மிச்சம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஷங்கரே ஒத்துக்கொண்டார். என் தொழிலில் அப்படியொரு பொருத்தத்தை நான் கண்டதில்லை, டாக்டர். கண் கலங்கிவிட்டது. தோல் பொருள் என்பதால் அதைக் காரிலேயே விட்டுவிட்டு, கோயிலுக்குள் போய் அதன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். சேணத்துக்கு என்ன நட்சத்திரம் என்று குருக்கள் கேட்டார். இளமதியுடையதைச் சொன்னேன்.

நாலைந்து மாதத்தில் கோப்பி துரோகம் செய்தான். பயிற்சி ஏற ஏற அவன் கழுத்து தடித்தது, தோள் அகன்றது. சேணம் முதுகில் படியாமல், ஒரு கால் குட்டையான நாற்காலி மாதிரி ஆடியது. வயிற்று வாரை இறுக்கினால் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு முறைத்தான். மறுபடியும் ஷங்கரை வரவழைத்தேன்.

"நல்லா வளந்துட்டான் கா. சேணம்தான் சின்னதாயிடுச்சு."

"சேணம் சின்னது இல்ல தம்பி. குதிரை பெருசு."

அவர் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

எங்கள் லாயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வேளைக்கும் உரிய தீவனத்தைக் குதிரையின் சொந்தக்காரரே பை பையாகக் கட்டி வைத்துவிட வேண்டும். பராமரிக்கிற ஹுசைன் பிரித்துக் கொட்டுவதோடு சரி. பட்டினி போட்டேன் என்று சற்றுமுன் சொன்னீர்கள். அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. முதலில் ஓட்ஸைக் குறைத்து, நறுக்கிய வைக்கோலைக் கூட்டினேன். பிறகு வைக்கோலையும் குறைத்தேன். அவன் மேல் நான் கை ஓங்கியதே இல்லை. தினமும் கேரட்கூடக் கொடுத்தேன். சின்னதாகப் பார்த்து.

"மேடம், கோப்பி காலி பக்கெட்ட நக்கிக்கிட்டே நிக்கிறான். எக்ஸ்ட்ரா போடட்டா?" என்று ஹுசைன் ஒருநாள் கேட்டார்.

"வேணாம் ஹுசைன். டயட்ல இருக்கான்" என்றேன். நல்ல மனிதர். அவரை இதில் இழுக்காதீர்கள்.

பலன் கிடைத்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். மூன்று விரல் இடைவெளி திரும்ப வந்தது. காதை மடிப்பது நின்றது. கோப்பிக்குப் பக்குவம் வந்துவிட்டது, எவ்வளவு சாது பார் என்று லாயத்தில் எல்லோரும் மெச்சினார்கள். இளமதி மட்டும் அவன் விலாவைத் தடவிக்கொண்டு, "ம்மா, இவனுக்கு ஏதோ உடம்பு சரியில்ல" என்று அழுதாள். பாசம் கண்ணை மறைக்கும் வயது. அவளுக்கு அப்படி அழுகிற தெம்புகூட ரொம்ப நேரம் இருக்காது, பாவம், அவன் கழுத்தில் சாய்ந்தபடியே தூங்கிவிடுவாள்.

சனிக்கிழமை நடந்தது உங்களுக்கே தெரியும். மைதானத்தின் நடுவே கோப்பி முன்னங்காலை மடக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டான், இளமதி மணலில் கிடந்தாள். குதிரை சரிந்து அவள் விழுந்தாளா, அவள் மயங்கிச் சாய்ந்ததால் குதிரை தடுமாறியதா என்று கேட்டீர்கள். நான் அப்போது சேணத்தில் கீறல் விழுந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆக, ஒப்புக்கொள்கிறேன். கோப்பியின் விலா எலும்பு வெளியே தெரிவதற்கு நான்தான் காரணம். வேண்டுமென்றேதான் செய்தேன். இனி அவன் தீவனத்தை ஹுசைனே அளந்து கட்டட்டும். அவன் பெருக்கட்டும், வேறு சேணம் போட்டுக்கொள்ளட்டும். வளர்கிற மிருகத்தை நம்பி அளவெடுத்தது என் பிசகு, அதை உங்கள் முன்னால் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆனால் சேணத்தின் மேல் பாதியில், ஆள் உட்காருகிற பக்கத்தில், ஒரு குறையும் சொல்ல முடியாது, டாக்டர். இந்த ஒரு வருடத்தில் இளமதி என் தோளைத் தாண்டி உயர்ந்துவிட்டாள், இருந்தும் அவளுக்குப் பின்னால் அதே கையகலம் அப்படியே இருக்கிறது. போன வாரம்கூடக் கையை வைத்துப் பார்த்தேன். எங்கள் புக்கிட் பாஞ்சாங் வீட்டில் அவளுக்குத் தட்டில் சோறு போடுவது நான்தான்.