ரெண்டாவது டிரம்பெட்

— முடியாதுக்கா. நீங்க வந்து கேட்டு நான் இல்லன்னு சொல்றது எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ராஜாங்கம் சாருக்காகன்னா என்னால முடியாது.

— அவருக்காகன்னு நான் சொன்னனா பரிதி? ஒரு பொண்ணுக்காகக் கேக்குறேன். வர்ற சனிக்கெழம மெட்ராஸ்ல மியூசிக் காலேஜுக்கு ஆள் எடுக்குறாங்க. ரெண்டு டிரம்பெட் சேந்து வாசிக்கிற மாதிரி ஒரு பாட்ட வாசிச்சிக் காட்டணுமாம். மொத டிரம்பெட் அந்தப் பொண்ணு. ரெண்டாவது வாசிக்கத்தான் ஆளு இல்ல.

— சொல்லிக் குடுக்குற சாரே வாசிக்கட்டும். மெட்ராஸ் ஸ்டுடியோ ஸ்டுடியோவா ஏறி எறங்குனவரு. அதுக்குப் போயி அவரு பொண்டாட்டி நீங்க, இந்த வெயில்ல முதலியார்பேட்டைலேர்ந்து பஸ் புடிச்சி, நான் பேண்டு சொல்லித் தர்ற ஸ்கூலத் தேடிக்கிட்டு வரணுமா?

— அவரால ஊத முடியாது தம்பி. உனக்கு சேதியே தெரியாதா?

— என்ன சேதி?

— போன ஐப்பசில ஒருநாள் காலைல எழுந்து வாய் கொப்புளிக்கிறாரு. தண்ணி ஒரு பக்கமா ஒழுவுது. கண்ணாடில பாத்தா வாய் கோணிக்கினு கெடக்குது. ஆஸ்பத்திரில முகவாதம்னு சொன்னாங்க. ஊசி, மாத்தர, பலூன் ஊதச் சொன்னாங்க, எல்லாம் செஞ்சாரு. கண்ணு சரியாயிடுச்சி, பேச்சும் சரியாயிடுச்சி. ஒதடு மட்டும் முழுசா வரல. டிரம்பெட்ட வச்சி ஊதுனா ஓரமா காத்து ஓடிப்போயிடுது. புஸ்ஸுன்னு ஒரு சத்தம். அத ஒரே ஒரு தடவ கேட்டாரு. அப்புறம் வாயில வைக்கல.

— எனக்கு யாரும் சொல்லலக்கா.

— சொல்லாதீங்கன்னு அவருதான் சொல்லி வச்சாரு. முக்கியமா உன்கிட்ட.

— அப்ப கிளாஸு?

— நடத்துறாரு. ஊதிக் காட்ட முடியாதில்ல, அதனால வாயால பாடியே சொல்லித் தருவாரு. விரலால தொடையில தட்டிக்கினு தா தா தத்தான்னு பாடுவாரு. ஆனா இன்னா சொல்றது, பீஸ் கட்டுறவங்க ஒத்துக்குவாங்களா? சார் ஊதவே மாட்டேங்கிறாரேன்னு ஒவ்வொரு புள்ளையா நின்னுபோச்சி. இப்ப இருக்கறது அந்த ஒரு பொண்ணுதான்.

— பாவமாத்தான் இருக்கு. இல்லன்னு சொல்லல. ஆனா அக்கா, நீங்க மறந்துட்டீங்களா, நான் மறக்கல. எனக்கும் ஒரு செலக்சன் இருந்துச்சி.

— நானும் மறக்கல.

— பத்தொம்பது வயசு. போலீஸ் பேண்டுக்கு ஆள் எடுத்தாங்க. சொந்தமா டிரம்பெட் வாங்க வக்கில்ல எங்க வீட்ல. அப்பாவுக்கு மில்லு மூடிப்போன நேரம். கிளாஸ்ல இருந்த பழசுல நடு பிஸ்டன அமுக்குனா மேல எழும்பாது. சாருக்கும் தெரியும். நீ கிரவுண்டுக்குப் போயிடு, என்னோடத எடுத்துக்கிட்டு நேரா வந்துடுறேன்னாரு. நான் கேட்டுலயே நின்னேன். என் பேரக் கூப்புடுற வரைக்கும் ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னேன். அவரு வரல. நடு பிஸ்டன் சிக்கிக்கிச்சி. பாதிப் பாட்டுலயே போதும்னுட்டாங்க.

— மொதநாளு சாயங்காலம் மெட்ராஸ்லேர்ந்து போன் வந்துச்சி தம்பி. காலைல ரெக்கார்டிங்குன்னு.

— தெரியும். எப்ப போன் வந்தாலும் ஓடுவாரு. எத்தன ஞாயித்துக்கெழம நாங்க பூட்டுன கதவுக்கு முன்னாடி ஒக்காந்து எழுந்து போயிருக்கோம். அதெல்லாம் கூட விடுங்க. திரும்பி வந்து அவரு சொன்னாரே ஒரு வார்த்த. மன்னிப்பு கேக்க வேணாம், சும்மா இருந்திருக்கலாம். "உன் ஒதட்டுல பலமில்லடா, அதான் கெடைக்கல"ன்னாரு. அந்தப் பசங்க எல்லாம் நிக்கிறாங்க. அன்னிக்கு படி எறங்குனவன்தான். இன்னி வரைக்கும் பகல்ல ஸ்கூலு, சாயங்காலம் செவப்புக் கோட்டு போட்டுக்கிட்டு கல்யாண வீடு. என்கூட வந்து செலக்ட் ஆனவன் இப்ப பேண்டு மாஸ்டரு. அதான் மேட்டரு.

— நான் அவருக்காக வக்காலத்து வாங்க வரல. நடந்தத மட்டும் சொல்றேன், கேக்குறியா?

— சொல்லுங்க.

— அன்னிக்கு ரெக்கார்டிங் சீக்கிரம் முடிஞ்சிடும்னு நம்பிப் போயிட்டாரு. முடியல. முடிஞ்சதும் சோறு கூடத் தின்னாம பஸ் ஏறி, வீட்டுக்கு வராம நேரா கிரவுண்டுக்குத்தான் போயிருக்காரு. கேட்டு பூட்டிக் கெடந்துச்சாம். கையில டிரம்பெட் பொட்டியோட நின்னுக்கினு இருந்தவர, எதிர்க்க டீக்கடக்காரரு பாத்துட்டு எங்கிட்ட சொன்னாரு. இவரு சொல்லல. தப்பு தன்மேலதான்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சதாலதான் உன்னத் திட்டுனாரு. அவரு அப்படி ஒரு ஆளு. நாப்பது வருசமா கூட இருக்கறவளுக்குத் தெரியாதா?

— டீக்கடக்காரருக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சே.

— அதுக்கப்புறம் எந்தப் புள்ளயையும் அவரு செலக்சனுக்கு அனுப்புனதே கெடையாது. வாசிக்கக் கத்துக்கணும்னா வா, உத்தியோகத்துக்குன்னா வேற எடம் பாருன்னு வாசல்லயே சொல்லிடுவாரு. மெட்ராஸ் பொழப்பும் நெலைக்கல. ஆறு பேரு சேந்து ஊதுறத ஒருத்தன் மிசின்ல விரலால அமுக்கிட்டுப் போறான்னு வந்து சொல்லுவாரு. மொதல்ல மாசத்துக்கு ரெண்டு போன். அப்புறம் பொங்கலுக்குப் பொங்கல். அப்புறம் அதுவும் இல்ல. எதுக்காக புள்ளைங்கள விட்டுட்டு ஓடுனாரோ அது இவர விட்டுட்டுப் போயிடுச்சி.

— இந்தப் பொண்ண மட்டும் எப்படி சேத்துக்கிட்டாரு? செலக்சனுக்குன்னு வந்தவளத்தான?

— சேத்துக்கவே மாட்டேன்னாரு. ரெண்டு வருசம் இருக்கும், ஸ்கூல் டிரஸ்ஸோட சைக்கிள்ல வந்து நின்னுச்சி. போம்மான்னுட்டாரு. அடுத்த ஞாயித்துக்கெழம மறுபடி வந்துச்சி. அப்பவும் போம்மா. மழ பெய்யுது, எதிர்வீட்டு சன்சேடுக்குக் கீழ நிக்கிது. எனக்கு மனசு கேக்கல, உள்ள கூப்புட்டு துண்டு குடுத்தேன். அப்பதான் இவரு கேட்டாரு. ஊர்ல வயலின் இருக்கு, வீணை இருக்கு, பொம்பளப் புள்ளைக்கு டிரம்பெட் எதுக்குன்னு. அது ஒரு கத சொல்லிச்சி.

— என்ன கத?

— அவங்க அப்பாவும் டிரம்பெட் வாசிக்கிறவராம். சின்னப் புள்ளையா இருந்தப்ப ஒரு தடவ அவரு வாசிக்கப் போன கல்யாணத்துக்கு இதையும் கூட்டிக்கினு போயிருக்காரு. அம்மா ஊருக்குப் போயிருந்தாங்களாம், வீட்ல விட்டுட்டுப் போக ஆளு இல்ல. வரவேற்பு நடக்குது. பொண்ணு வீட்டுக்காரரு ஒருத்தரு வந்து, சத்தத்துல பேசவே முடியல, அந்தாண்ட போயி வாசிங்கன்னு சொல்லி, பேண்டுக்காரங்க எல்லாரையும் ஜெனரேட்டர் பக்கத்துல கொண்டுபோயி நிக்க வச்சிட்டாங்களாம்.

— ம்.

— மத்தவங்கெல்லாம் கீழ வச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டாங்களாம். அவங்க அப்பா மட்டும் வாசிச்சிக்கினே இருந்தாராம். "ஜெனரேட்டர் சத்தத்துல யாருக்கும் கேக்கல ஆண்ட்டி, பக்கத்துல ஒக்காந்துக்கினு இருந்த எனக்கு மட்டும் கேட்டுச்சி. அப்பா கண்ண மூடிக்கினு வாசிச்சாரு. அந்த மாதிரி அவரு அப்புறம் வாசிச்சதே இல்ல. அது எனக்குத் திருப்பி வேணும்"னு சொல்லிச்சி தம்பி. இவரு எழுந்து உள்ள போயிட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சி வந்து, சரி, அடுத்த வாரத்துலேர்ந்து வான்னாரு.

— அந்தக் கல்யாணம் எங்கன்னு சொன்னாளா?

— கனகசெட்டிக்குளம் பக்கம் ஒரு ரிசார்ட்டாம்.

— அக்கா.

— சொல்லு.

— கவிநிலாவா?

— உன் பொண்ணுதான்.

— ஞாயித்துக்கெழம ஆனா பிரெஞ்ச் டியூசன்னு சொல்லிட்டுப் போறா.

— அது பொய்தான். எனக்குப் புடிக்கல, அவகிட்டயே சொன்னேன். வேற எப்படி ஆண்ட்டி வரட்டும், வீட்ல பொட்டியத் தொட்டாலே அப்பாவுக்குக் கோவம் வருதுன்னா.

— ரெண்டு வருசமா என் புள்ளைய எனக்குத் தெரியாம வச்சிக்கிட்டு இருந்திருக்காரு. நான் யாருன்னு தெரிஞ்சேவா?

— மொதல்ல தெரியாது. ஒரு மாசம் கழிச்சி அவ மூச்சு இழுத்து ஊதுனப்ப எடது தோள மட்டும் தூக்குனா. முன்ன எங்கிட்ட கத்துக்கின ஒரு பையன்கிட்ட எவ்வளவோ சொல்லியும் போகாத பழக்கம் இது, இவளுக்கு எங்கேர்ந்து வந்துச்சின்னு கேட்டாரு. அப்பா பேரு என்னன்னாரு. அவ சொன்னா. அன்னிக்கு கிளாஸே நடக்கல.

— அப்பவாவது அவளத் திருப்பி அனுப்பியிருக்கலாமில்ல?

— நான் அதத்தான் சொன்னேன். "ஒருத்தன காக்க வச்சேன் பார்வதி, அவன் பொண்ணையும் வாசல்ல நிக்க வைக்கச் சொல்றியா"ன்னாரு.

— அந்தக் கல்யாணத்தப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சது அவ சொன்னதுதான். நான் எதுக்குக் கண்ண மூடுனேன்னு அவளுக்குத் தெரியாது. என் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கும்போது, நாயத் தொரத்துற மாதிரி கைய வீசி அந்தாண்ட போன்னான் ஒருத்தன். கண்ணத் தொறந்தா அழுதுடுவேன்க்கா. வாசிக்கறத நிறுத்துனா அவ முகத்தப் பாக்கணும். அதனாலதான் நிறுத்தல. அன்னிலேர்ந்துதான் வீட்ல இருக்கும்போது அவ தொடாம பொட்டியப் பூட்டி வைக்கிறேன். இந்தப் பொழப்பு என்னோட போகட்டும், இவ கணக்குப் படிக்கட்டும், பேங்க்குக்குப் போகட்டும்னு.

— நீ அப்படிப் பாத்த. அவ வேற மாதிரி பாத்தா.

— எங்க வச்சி வாசிக்கிறா? தெருவுல யாரும் எங்கிட்ட சொல்லலயே.

— எங்க வீட்டு அக்கம்பக்கத்துல சத்தம் போட்டாங்க. அதனால இவரு வண்டில ஒக்கார வச்சி நோணாங்குப்பம் ஆத்தோரம் கூட்டிக்கினு போயிடுவாரு. போட்டெல்லாம் கெளம்பறதுக்கு முன்னாடி அங்க யாரும் இருக்க மாட்டாங்க. அவ நின்னுக்கினு மொத டிரம்பெட்ட வாசிப்பா. இவரு கவுத்துப் போட்ட படகு மேல ஒக்காந்துக்கினு ரெண்டாவத வாயால பாடுவாரு. ரெண்டு மூணு தடவ நானும் போயிருக்கேன். ஆனா காலேஜுல போயி பாட முடியாதில்ல.

— எப்படி வாசிக்கிறா?

— எங்கிட்ட கேக்குறியே. எனக்கு இன்னா தெரியும், சோறு வடிச்சிக்கினே கேட்டவ. ஒண்ணு மட்டும் சொல்றேன். நடுவுல அவ மேல மேல போற ஒரு எடம் இருக்கு. அந்த எடம் வந்தா இவரு பாடுறத நிறுத்திடுறாரு. ஏன்னு கேட்டா தொண்ட கட்டிக்கிச்சிங்கறாரு.

— இந்த ஸ்கூல்ல வருசத்துக்கு அறுவது புள்ளைங்க. எவனுக்கு மூச்சு பத்தாது, எவன் டிரம்பெட்ட பல்லோட அழுத்துறான், கண்ண மூடிக்கிட்டு சொல்லுவேன். என் வீட்டுக் கூடத்துல படுத்துத் தூங்கறவ மூச்சு எனக்குத் தெரியலக்கா.

— அழாத. பசங்க வந்துடப் போறாங்க.

— சாரு என்ன சொல்லி அனுப்புனாரு?

— ஒண்ணும் சொல்லல. நான் கெளம்பும்போது அவரும் சட்டய மாட்டிக்கினு வாசல் வரைக்கும் வந்தாரு. செருப்பு கூடப் போட்டாரு. அப்புறம் நீயே போயிட்டு வான்னுட்டு உள்ள போயிட்டாரு.

— அவர நான் இன்னும் மன்னிக்கலக்கா. பொய் சொல்ல விரும்பல.

— மன்னிக்கச் சொல்லி நான் கேக்கல.

— ஆனா சனிக்கெழம வரேன். ரெண்டாவது டிரம்பெட்ட நான் வாசிக்கிறேன். இன்னிக்கு சாயங்காலமே வீட்டுக்குப் போயி அவள எதிர்ல ஒக்கார வச்சி பேசுறேன். என் புள்ளைய நானே கூட்டிக்கிட்டுப் போறேன். அவ அப்பா இருக்கும்போது எதுக்கு வேற ஆளு?

— அவசரப்படாத தம்பி. நான் இங்க வரப்போறேன்னு அவளுக்குத் தெரியும். வேணாம் ஆண்ட்டின்னுதான் மொதல்ல சொன்னா. அப்புறம், நீ ஒத்துக்கினா மட்டும் சொல்லச் சொல்லி ஒரு வார்த்த சொல்லி அனுப்புனா.

— என்ன சொன்னா?

— "அப்பாவா வந்தா எனக்கு மூச்சே வராது ஆண்ட்டி. ராஜாங்கம் சாரோட பழைய ஸ்டூடண்ட்டா வர்றதுன்னா, வரச் சொல்லுங்க"ன்னு சொன்னா.