காலை அழைப்பை எடுத்தவர்

மேடையில் வீற்றிருக்கும் பணிப்பாளர் அவர்களே, கடற்படை நண்பர்களே, இன்று கடலுக்குப் போகாமல் வந்திருக்கும் முகத்துவாரத்துத் தொழிலாளர்களே, வெள்ளவத்தை அயலவர்களே! உங்கள் அனைவருக்கும் என் மரியாதை. கடல் மீட்புத் தொடர்பறையில் அம்மையாரின் பக்கத்து நாற்காலியில் இருந்தவன் நான், புவாத்.

மறைந்த நம் சரோஜினிதேவி அம்மையார் மொழிபெயர்ப்பாளர் மட்டுமா? இரு நாடுகளும் முகம் கொடுத்துப் பேசாத காலத்தில் பேசிக்கொண்டிருந்த ஒரே குரல் அவர்! தூதுவர்கள் திருப்பியழைக்கப்பட்டார்கள். கூட்டு ரோந்து நின்றது. ஆனால், அயல்நாட்டு மீட்பு நிலையத்துடன் தினமும் காலையில் நடக்கும் சோதனை அழைப்பை அவர் நிறுத்த விடவில்லை. அந்த இணைப்பு செத்தால், நடுக்கடலில் தத்தளிப்பவனை யார் தேடுவது?

உறவு முறுகுவதற்கு முன் ஒருமுறை, ஓட்டை விழுந்த அவர்களின் மீன்பிடிப் படகை நம் ரோந்துப் படகு எல்லைக்கோடு வரை இழுத்து வந்தது. பொறுப்பேற்க அவர்களின் கப்பல் வேகமாக வந்தது. கடலோ கொந்தளிப்பு.

"அவசரப்படாதேங்கோ தம்பி, ஆறுதலா வாங்கோ" என்றார் அம்மையார் இணைப்பில்.

மறுமுனை அதிகாரி பதறிப்போனார். "ஐயையோ! யாரும்மா இறந்துட்டாங்க?"

"ஒருத்தரும் சாகேல்லை ராசா! மெதுவா வாங்கோ எண்டு சொன்னனான்."

அந்த அதிகாரியின் ஊரில் ஆறுதல் என்பது துக்க வீட்டுச் சொல்லாம். அறையே சிரித்தது. படகிலிருந்தவர்கள் எல்லோரும் உயிரோடு வீடு சேர்ந்தார்கள். இன்று நாம் அவர் ஊர்ப் பொருளில்தான் ஆறுதல் தேடுகிறோம்.

அன்றிலிருந்து அந்த அதிகாரி, சோதனை முடிந்ததும் "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்பார். பிள்ளைகள் கனடாவில். வெள்ளவத்தை வீட்டில் அதைக் கேட்க அம்மையாருக்கு வேறு யார் இருந்தார்கள்? உறவு முறுகியதும், மீட்பு விடயம் தவிர எதுவும் கதைக்கக் கூடாது என்று இரு பக்கமும் கட்டளை வந்தது. "புவாத், இண்டைக்கும் கேக்கேல்லை" என்பார் அம்மையார்.

இப்போது அவர் இல்லை என்பதால், இணைப்பையே மூடிவிடலாம் என்று கதை அடிபடுகிறது.

பணிப்பாளர் அவர்களே! கனத்தை மயானத்தில் தகனம் முடிந்த மறுநாள் காலை, அழைப்பை நான் எடுத்தேன். என் குரலைக் கேட்டதும் மறுமுனை திகைத்தது. பிறகு ஒரே ஒரு சொல். "அம்மா?"

கட்டளை தடுத்தது. நான் பதில் சொல்லவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது. அவரும் துண்டிக்கவில்லை, நானும் துண்டிக்கவில்லை. ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டபடி இருந்தோம்.

நாளைக் காலையும் அவர் அழைப்பார். அம்மையார் பெயரால் சொல்கிறேன், எடுக்க நான் இருப்பேன். மூட வேண்டுமென்றால், அதை மறுமுனையில் இருக்கும் அவரிடம் நீங்களே சொல்லுங்கள் ஐயா. என்னால் முடியாது!